உங்க விமானக் கோட்டு என் மேல

என்னங்க,

மொச்சைக் குழம்பு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். பெட்டியில பழுப்புத் தோல் கோட்டைக் காணோம்னு கலவரப்படாதீங்க, அது என் மேல இருக்கு!

பாகாயம் மைதானத்துல இறங்கியிருக்கிற ஆகாய விமானத்துல நம்ம ஜனங்களையும் ஏத்திச் சுத்திக் காட்டுறாங்க. பள்ளிக்கூடத்துல டீச்சருங்க பேரையெல்லாம் குலுக்கிப் போட்டாங்க. என் பேரு வந்துடுச்சு! மேல குளிரும், கெட்டிக் கோட்டு வேணும்னு விமானம் ஓட்டுற துரை சொன்னார். அதை எடுக்கத்தான் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"பறக்கிறவன் போட்டுக் கழிச்ச கோட்டையெல்லாம் வாங்கி அடுக்குறீங்களே, நீங்க என்னைக்குப் பறக்கப் போறீங்க?"ன்னு ஞாயித்துக்கிழமை கேட்டுட்டேன். அதுலேருந்து நீங்க என்கூடப் பேசல. இன்னைக்குப் போட்டுப் பார்த்தப்பதான் தெரியுது, விளக்கெண்ணெய் தடவித் தடவி எவ்வளவு மெத்துன்னு வச்சிருக்கீங்கன்னு. கைதான் நீளம், மடிச்சு விட்டுக்கிட்டேன். கண்ணாடி முன்னாடியிருந்து நகரவே மனசு வரல.

மத்த ரெண்டையும் நிழல்ல காத்தாட மாட்டியிருக்கேன். வெயில்ல போடல.

சலோமி

சொல்ல மறந்துட்டேன்: ஒரு தடவைக்கு ரெண்டு பேர் ஏறலாமாம். என் பக்கத்துல உட்கார வேண்டிய ரெஜினா டீச்சர் பயந்துபோய் வீட்டுக்குப் போய்ட்டாங்க. என் வீட்டுக்காரர் வருவார், கடைசியா ஏறிக்கிறோம்னு துரைகிட்ட சொல்லிட்டேன். சாப்பாடு அப்புறம் ஆகட்டும். கறுப்புக் கோட்டை மாட்டிக்கிட்டு ஓடி வாங்க!