அவிழ்க்க மறந்த வாய்க்கட்டு

என் புஷ்பம்,

நீ போய் இருபத்தொன்பது நாளாகிவிட்டது. பேசாமல் இருப்பது நம் இரண்டு பேருக்கும் புதிதா என்ன என்று நீ கேட்பாய். அந்தப் பழைய இருபது நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மகள் ஜெனிட்டா நேற்று வந்தாள். நாளை முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்காரும்போது உன்னைப் பற்றி நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். "பெரியம்மா, அந்தக் கடல் ஆட்டக் கதையச் சொல்லுங்க. அம்மா எத்தன தடவ சொன்னாலும் எங்களுக்கு அலுக்காது" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அவள் போன பிறகு எழுதக் காகிதம் தேடினேன்.

எழுபதுகளில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் நாம் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கென்று நாமே உண்டாக்கிய ஆட்டம் அது. வீணாய்ப்போன சரக்குப் பட்டியல் தாளின் பின்பக்கம் நீ கடலை வரைந்தாய். முயல் தீவு, முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்கள், ஏழு தலைச் சுறா ஒன்று. கடல் விலகி உள்ளே தள்ளிப்போன கொற்கையை இழுத்து வந்து மறுபடி கரையில் வைத்தாய். பெரிய கிளார்க் தங்கையா அண்ணாச்சிதான் கடல். நாம் உருட்டுகிற ஐந்து சோழியைப் பார்த்து, கடல் என்ன செய்கிறது என்று அவர் சொல்வார். "கடல் சொல்லுது, தோணி கவுந்துட்டு. ரெண்டு பேரும் நீந்துங்க" என்று சொல்லிவிட்டு மோர்ச்சோற்றைப் பிசைவார்.

ஆட்டத்தில் இரண்டு மந்திரக் கூட்டம். கட்டுக்காரர்கள் மந்திரம் போட்டுச் சுறாவின் வாயைக் கட்டுவார்கள். உடனே பலிக்கும். ஆனால் கட்டியவரே பொழுது சாய்வதற்குள் "அவிழ்த்தேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரையில் நின்று மந்திரம் போட்ட கடல்கட்டியைப் பற்றி உன் அப்பா சொன்னதிலிருந்து எடுத்த விதி. சாயங்காலம் அவர் கட்டை அவிழ்த்துவிடுவாராம், இருட்டில் யாரும் திருட்டுத்தனமாய் இறங்கிவிடக் கூடாதென்று. இன்னொரு கூட்டம், மாதாவுக்கு நேர்ந்துகொள்வதுபோல நேரும் நேர்ச்சைக்காரர்கள். பிரியமான ஒன்றை விட்டுக்கொடுத்துக் கடலிடம் கேட்பார்கள். தாமதமாகத்தான் கிடைக்கும், கிடைத்தால் போகாது.

மாதா கோயில் தெருக்காரி நீ கட்டுக்காரி ஆனாய். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்கும் வீட்டுப் பெண் நான் நேர்ச்சைக்காரி. "ஆளுக்கு ஆள் சாமிய மாத்திக்கிட்டியளே, வீட்டுக்குத் தெரியுமா?" என்று அண்ணாச்சி கேட்பார். பொறுமை இல்லாத உனக்குக் கட்டுவதுதான் பொருத்தம். நான் ஒரு பாரைப் பிடிக்க நிஜமாகவே பத்து நாள், எனக்கு உயிரான முந்திரி மக்ரூன் தின்பதை விட்டேன். நீ தினமும் ஒரு பொட்டலம் வாங்கிவந்து என் காதருகே நொறுக்கித் தின்றாய். உன்னை அடிக்காமல் விட்டது என் பெருந்தன்மை.

அந்த வெள்ளிக்கிழமை நான் பெரிய பாரை நெருங்கிவிட்டேன். உனக்கு ஐந்து சோழியும் மல்லாந்து விழுந்தன. சுறாவை விட்டுவிட்டு என் வாயைக் கட்டினாய். இனி நீ அவிழ்க்கும்வரை நான் உன்னிடம் ஒரு சொல் பேசக் கூடாது, ஆட்டத்துக்கு வெளியேயும்தான். வேலை முடிந்து கிளம்பும்போது அவிழ்ப்பது வழக்கம். அன்றைக்கு நாலு மணிக்கே உன் அண்ணன் சைக்கிளில் வந்து நின்றார். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று உன்னைக் கூட்டிப் போய்விட்டார். அவிழ்க்க மறந்துவிட்டாய்.

திங்கட்கிழமை வந்து என் டைப்ரைட்டர் மேல் சாய்ந்துகொண்டு சொன்னாய். "ஏளா சொர்ணம், எனக்கு முடிஞ்சிட்டு. மாப்பிள்ளைக்குப் பம்பாய்ல வேல. அடுத்த மாசமே கல்யாணம்."

நான் உன்னைப் பார்த்தேன். தாளைச் செருகி அடிக்க ஆரம்பித்தேன்.

உன் முகம் சுண்டிப்போனது. "சந்தோசமா ஒரு வார்த்த சொன்னா வாயில இருந்து முத்தா உதிந்துரும்?" என்றாய். நான் அடுத்த வரியை அடித்தேன். பிறகு நீயும் பேசவில்லை. அடுத்தடுத்த மேசை, கார்பன் தாள் வேண்டுமென்றால்கூட அண்ணாச்சி வழியாகத்தான். நீ கட்டை அவிழ்த்துவிட்டதாகவே நினைத்திருந்த அவர், ஒருநாள் தாங்காமல், "கடல் சொல்லுது, ரெண்டு மூதியளும் உருப்படாது" என்றார்.

இருபதாம் நாள் கல்யாணப் பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாய். அப்பா அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசல்வரை போனவள் திரும்பி நின்றாய். "இனி எப்ப வருவனோ. அப்படி என்னளா உனக்கு நான் செஞ்சிட்டேன்?"

நான் தலையைக் குனிந்தேன். சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாய். "ஐயோ மாதாவே, நான் அவுக்கவே இல்லியே! அவுத்தேன்ளா, அவுத்துட்டேன், அவுத்துட்டேன்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. நான் ஓவென்று அழுதேன். என்னைக் கட்டிக்கொண்டு, "வெளாட்டுக்குச் சொன்னதயே இப்படிக் காப்பாத்திருக்கியே. நான்தான் தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சிரு" என்றாய். மன்னித்துவிட்டேன் என்றேன். இருபது நாளுக்குப் பிறகு நான் உன்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அப்புறம் பம்பாயிலிருந்து லீவுக்கு வந்தபோதும், ஊரோடு திரும்பி வந்த பிறகும் அந்தக் கதையை எங்கெல்லாம் சொன்னாய்! பிள்ளைகள் பொய் சொல்லி மாட்டும்போதெல்லாம், "பெரியம்மாவப் பாத்துப் படிங்க. வாக்குன்னா வாக்கு" என்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

இப்போது சொல்கிறேன் புஷ்பம். அந்தத் திங்கட்கிழமை எனக்கு வாய்க்கட்டு ஞாபகமே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு ஊருக்குப் போகச் சம்மதித்துவிட்டாயே என்று ஆத்திரம். பொறாமையும்தான். கட்டு ஞாபகம் வந்தது மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோது. வந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். நீ கேட்டாய், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். உனக்கு இது தெரியுமோ? தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் கதையை முடித்துவிட்டு என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தாயோ?

நம் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. உன் பேத்தி கம்ப்யூட்டரில் மந்திரவாதிகளை மோதவிட்டு விளையாடுகிறாள். அதிலும் ஒருத்தி இன்னொருத்தியைக் கட்டிப்போடுகிறாள். "யாரு அவுக்கணும்?" என்று கேட்டேன். "யாரும் அவுக்க வேண்டாம் ஆச்சி. பத்து செகண்டுல தானா போயிரும்" என்றாள். கொடுத்து வைத்தவர்கள்.

நாளைக்கு உன் வீட்டுக்காரர், பிள்ளைகள், பேத்தி எல்லாருக்கும் முன்னால் கதையை உள்ளபடி சொல்லிவிடுவேன். என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். அந்தத் திங்கட்கிழமை காலையில் நீ என் டைப்ரைட்டர் மேல் சாய்ந்து நின்றபோது நான் சொல்லியிருக்க வேண்டியதையும் சொல்வேன். சந்தோசமா இருளா புஷ்பம். ஆனா போவாத.

உன் பிள்ளைகளுக்குப் பெரியம்மா,
சொர்ணம்