மூன்றாம் ஓலை

ஜனவரி 3, 2025
நெறியாளர் என் ஆய்வின் முதல் இயலைத் திருப்பிக் கொடுத்தார். ஓர் ஆணுக்கு இன்னோர் ஆண்மேல் வரும் காதல்தான் அறிவுக்கு முதல் படி என்று பழைய கிரேக்கத்தில் சிலர் நினைத்ததை எழுதியிருந்தேன். "காதல்னு மட்டும் போடேம்மா. ஆணும் ஆணும்னு எதுக்கு?" என்றார்.

அந்தப் படியில் மேலே ஏறியவன், முதலில் காதலித்த ஆளைத் திரும்பிப் பார்த்தானா என்று அந்த நூல்களில் எங்குமே இல்லை. என் கோபம் அதில்தான்.

ஜனவரி 10
தெரசாவுக்குத் திருக்கோவிலூர் அமலைப் பேசி முடித்துவிட்டார்கள். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசலில் வைத்துச் சொன்னாள். அழவில்லை. "நம்ம விஷயத்த யார்கிட்டனா சொன்னே, நான் உயிரோட இருக்க மாட்டேன் ஏஞ்சலின்."

நாங்கள் இருவரும் கல்வராயன்மலை அருவிக்குப் போன அன்று தொடங்கிய காதல். இப்போது அது 'விஷயம்'. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு
கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். எங்கள் பங்குக் கோயிலில் அறிவிப்பு வாசிப்பவள் நான். தெரசா பெயர், அமல் பெயர், பெற்றோர், ஊர். கடைசி வரி: "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

அறிந்தவளே வாசிக்கிறாள். நல்ல கூத்து.

ஜனவரி 16
பொங்கல் லீவு. தெரசாவின் அம்மா வந்தார். காபியை முழுக்கக் குடித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு எல்லாம் தெரியும்மா. தெரியாத மாரி இருக்கறேன். நீயும் அப்டியே இருந்துக்கோ."

தெரியாமல் இருப்பதும் ஊர் கூடிச் செய்கிற வேலைதான் என்று தன்பாலினக் காதல் பற்றிய குயர் கோட்பாட்டிலிருந்து பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். அந்த அம்மா குடித்த டம்ளரைக் கழுவி வைத்தேன்.

ஜனவரி 19
இரண்டாம் ஓலை. தாளிலிருந்து நான் நிமிரவே இல்லை.

ஜனவரி 26
மூன்றாம் ஓலை. கடைசி வரியை விட்டுவிட்டு இறங்கினேன். "அந்த வரிய வுட்டுட்டியேம்மா, வாசிச்சுடு" என்றார் ஃபாதர். திரும்ப ஏறி வாசித்தேன். தெரசா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிறாள், பாவம்.

சத்தியம் சத்தியம்தான். வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஜனவரி 29
கல்யாணம். மேடையில் போட்டோவுக்கு நின்றபோது காதருகே சொன்னாள்: "மூணு வாரமும் நீ சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன்."

நீதானடி சொல்லாதேன்னே? இப்ப வந்து இன்னா இது— கேட்கவில்லை. பின்னால் சனம் வரிசையில் நின்றது. போட்டோக்காரர் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். சிரித்தோம்.

பிப்ரவரி 17
ஆய்வுத் தலைப்பு 'காதலும் அறிவும்' என்று இருந்தது. 'அறிவு' என்று மட்டும் மாற்றிக் கொடுத்தேன். "அட, காதல் இருக்கட்டுமேம்மா" என்றார் நெறியாளர்.

வேண்டாம் சார் என்றேன்.