மானிட்டருக்கு வைத்த பொட்டு

தமிழு,

உப்புமா மூடி வைத்திருக்கிறேன். நீ தூங்குகிறாய், எழுப்பிச் சொல்லத் தைரியம் வராமல் எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு உன் கேம் மானிட்டரைத் திருப்பி எடுத்துப்போக கம்பெனி ஆள் வருவார். கொடுக்காதே. அதைக் கெடுத்தது நான்.

ஆயுத பூஜையன்று நீ குளிக்கப் போனபோது, லோடு ஆட்டோவுக்கு வைத்த கையோடு அதற்கும் நடுத்திரையில் சந்தனம், குங்குமம் வைத்தேன். உன் சம்பளத்தில் வாங்கிய முதல் பொருள் என்ற பூரிப்பு. அப்புறம் நீ கோபிப்பாயோ என்று பயந்து, வண்டிக் கண்ணாடியைத் துடைப்பதுபோல விபூதி போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டேன். அந்த மங்கல் அப்படி வந்ததுதான்.

“யாராச்சும் தொட்டீங்களாப்பா?” என்று கேட்டாய். “நான் அந்தப் பக்கமே போவலையே” என்றேன். நீயும் நம்பி, “வெலை கம்மி, கேம் ஆட வேகமும் நல்லாருக்கு, ஆனா நடுவுல மங்கலா தெரியுது, வாங்காதீங்க” என்று வீடியோ போட்டுவிட்டாய். ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரும் பார்த்தார்கள். “உம் பொண்ணு உள்ளத உள்ளபடி சொல்லுதுய்யா” என்று இளையபெருமாள் மெச்சினான். நான் டயரில் காற்றுப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

என் பேரைச் சொல்லியே வீடியோவைத் திருத்திவிடு. செந்துறைக்கு லோடு போகிறேன். சாயங்காலம் வந்து நேரில் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா

சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது.

இன்னொன்று. பொட்டு வைக்கும்போது சாமியிடம் நான் வேண்டிக்கொண்டது, இதற்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்றுதான்.