ஒரு மணி நேர இடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் நான்கு தடவை வேனை மாற்றி நிறுத்தினேன். கடைவீதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் அபராதம் என்று சட்டம் வந்ததிலிருந்து இதுதான் பிழைப்பு. காவலர் வந்து டயரில் கோடு போட்டுவிட்டுப் போவார். அதனால் அவருக்குப் பெயரே சாக்பீஸ். திரும்பி வரும்போது வண்டி அங்கேயே நின்றால் தொலைந்தோம். ஆகவே மணிக்கொரு தரம் கடைக்காரர்கள் எல்லாரும் ஓடிவந்து இடம் மாறிக்கொள்கிறோம். பக்கத்துக் கடிகாரக் கடைத் தம்பிதான் குரல் கொடுப்பான்: "அக்கா, சாக்பீஸ் வர்றாரு, எந்திரிங்க!"

வாடிக்கையாளர்தான் வரக் காணோம். சட்டத்தை எடுக்கச் சொல்லிச் சங்கத்தில் மனு எழுதுகிறார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

மார்ச் 11, செவ்வாய்

தலைமையாசிரியர் ஐயாவின் செருப்பு தயார். சர்க்கரை நோய், இடது கால் சுண்டுவிரலில் ஆறாத புண். என் கடைக்கு வருவதெல்லாம் இப்படி நோவுக் கால்கள்தான். பழைய செருப்பில் நடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். போட்டுப் பார்க்காமல் கொடுக்கவும் முடியாது, ஒரு தையல் உரசினால் போதும். வியாழக்கிழமை மகள் காரில் கூட்டி வருகிறாளாம். அவள் இதுவரை கடைக்கு வந்ததில்லை.

மார்ச் 13, வியாழன்

ஐயா வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை.

இன்று ஒரு சண்டை வேறு. பதினொரு மணிக்கு என் வாசலில் ஓர் இடம் காலியானது. ஒரு வெள்ளைக் கார் விளக்கைப் போட்டுக் காத்துக்கொண்டிருந்தது. நான் சட்டென்று புகுந்துவிட்டேன். ஹாரன் அடித்தார்கள். வெயிலில் கார் கண்ணாடி பளபளத்தது, முகம் தெரியவில்லை. நான் தலையை நீட்டி, "முந்தினவங்களுக்குத்தான்! உங்க அப்பன் வீட்டு இடமா?" என்று கத்தினேன். போய்விட்டார்கள். கடிகாரத் தம்பி கை தட்டினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

ஐயாவின் மகள் ஃபோன் செய்தாள்.

"மூணு சுத்து சுத்தினோம்க்கா. உங்க வாசல்லயே இடம் கெடச்சுது, அதுக்குள்ள எவளோ ஒரு நீல வேன்காரி புகுந்துட்டா. சந்தைக்குப் பின்னாடி நிறுத்தினேன். நடந்தே வர்றேன்னு அப்பா ஒரே பிடிவாதம். பழைய செருப்பு. பாதி வழியிலயே ரத்தம்..."

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள்.

இந்த வீதியில் நீல வேன் ஒன்றுதான். "அடப்பாவமே" என்றேன். அது நான்தான் என்று சொல்லாமலே ஃபோனை வைத்துவிட்டேன். ஏன்டி சொல்லல? நாக்கு எங்க போச்சு உனக்கு?

மார்ச் 15, சனி

வாசலில் நின்று எண்ணினேன். வீதியில் இருபத்திரண்டு இடம். பதினேழில் நாங்கள். வாங்க வர்றவங்களுக்கு விட்ட இடத்துல நாமளே சுத்திச் சுத்தி உக்காந்துக்கிட்டு, யாரும் வரலைன்னு ஒப்பாரி வேற!

மார்ச் 17, திங்கள்

வேனைச் சந்தைக்குப் பின்னால் விட்டு நடந்து வந்தேன். பதினான்கு நிமிடம். மனுவில் என் பெயரை அடிக்கச் சொன்னேன். "ஊரோட ஒத்து வாழணும்மா" என்றார் சங்கத் தலைவர். "அக்காவுக்கு வெயில் மண்டையில ஏறிடுச்சு" என்று தம்பி சிரித்தான். ஏறட்டும்.

மார்ச் 20, வியாழன்

விரலை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

இன்று கடிகாரத் தம்பியும் சந்தையிலிருந்து என்கூட நடந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

ஐயா வீட்டுக்கே போனேன். மகள் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்ததும் தாங்க முடியவில்லை. "ஐயா, அன்னைக்கு அந்த வேன்ல இருந்தது நான்தான்" என்றேன்.

"தெரியுமே. அந்தத் தொண்டை இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு?"

"மககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னை வீட்டுக்குள்ள விடுவாளா? அப்புறம் எனக்கு யாரு செருப்பு தைப்பா?" என்று சொல்லிவிட்டு, "அழுதுக்கிட்டே அளவெடுக்காத, தப்பாயிடும்" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை விரித்தேன். பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தேன். கோடு நான்காவது விரலோடு திரும்பிவிட்டது.