சதுரமணி மாலைக்குக் கழுத்தளவு

மாரியம்மன் துணை

பேரிகை,
ஹேவிளம்பி வருஷம் மாசி மாதம் 9ந் தேதி

சௌபாக்கியவதி ராஜாத்திக்கு உன் பெரியம்மா வெங்கடம்மாள் அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுவது. இங்கே நான், உன் பெரியப்பா, மாடு கன்று எல்லாம் அவள் புண்ணியத்தில் சுகம். அங்கே நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நீ எழுதியிருக்கிறாய். அதைப் பற்றிக் கேட்கத்தான் இந்தக் கடிதமே, அதனால் மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு நிதானமாக உட்கார்ந்து படி.

மாமரம் இந்த வருஷம் இலை தெரியாமல் பூத்திருக்கிறது, பனி மட்டும் பூவைக் கருக்காமல் இருக்க வேணும். சிவப்பி காளைக்கன்று போட்டிருக்கிறாள், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இதெல்லாம் இருக்கட்டும். உன் அம்மா உன்னை என் மடியில் போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து நீ வாய் திறந்து ஒன்று வேணும் என்று கேட்டதில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து, போன கார்த்திகையில்தான், ரயில்வே குடியிருப்பில் பக்கத்து வீட்டு வடநாட்டுப் பெண் சிவப்புக் கல்லைச் சதுரம் சதுரமாக வெட்டின மணிமாலை போட்டிருக்கிறாள், பார்க்க ரொம்ப லட்சணம் என்று ஒரு வரி எழுதினாய். வேணும் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியாதா உன்னை. அடுத்த சந்தைக்கே உன் பெரியப்பாவை இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மாலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மணி விற்பாளே கெம்பம்மா, அவளிடம் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஏனக்கா, உருண்ட மணின்னா கண்ண மூடிக்கினு அள்ளிக் குடுத்துருவேன், நீ சதுரம் கேக்கற, உக்காரு, இன்னிக்கிப் பொழுது உனக்கும் போச்சு எனக்கும் போச்சு என்றாள். அப்புறம் பித்தளைத் தட்டில் மணிகளைக் கொட்டி ஒன்றோடு ஒன்று ஒட்டி வரிசையாக வைக்கச் சொன்னாள். ஆறு பக்கமும் சமமாக இருக்கிறது இடுக்கு விடாமல் நிற்கும், கோணல் உள்ளது சாய்ந்துகொண்டு காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கி ஓட்டையைப் பார்க்க வேணும். ஓட்டை நட்டநடுவில் புகுந்து நட்டநடுவில் வெளியே வந்தால்தான் மணி கழுத்தில் படிந்து உட்காருமாம், ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் கோத்த பிறகு திரும்பித் திரும்பி முதுகைக் காட்டுமாம். ஒரு மணியை என் புறங்கையில் வைத்து இழுத்தாள், வெள்ளையாகக் கோடு விழுந்தது. பாத்தியா, இது உம்மவ கழுத்தையும் கீறும், நூலையும் அறுக்கும் என்று அதைத் தூக்கி அந்தாண்டை போட்டாள். சதுரமணிக்கு விளிம்பு லேசாக மழுங்கியிருக்க வேணும், மணிக்கு மணி நடுவில் சின்ன வெள்ளிக் குண்டு போட வேணும், இல்லாவிட்டால் மூலையோடு மூலை இடித்துக் கல் தெறித்துப் போகும் என்றெல்லாம் சொன்னாள். வெயில் ஏறிவிட்டது. உன் பெரியப்பா பொறுக்காமல், ஏன்டி, கல்லு பொறுக்கறியா இல்ல மாப்ள பாக்கறியா என்றார். மாப்ளய இப்பிடித் தட்டுல வச்சிப் பாத்திருந்தா நாக்பூருக்கா குடுத்திருப்போம் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கெம்பம்மா சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையைக் குறை சொன்னேன் என்று நினைக்காதே கண்ணு, அவர் தங்கமானவர், நான் தூரத்தைச் சொன்னேன்.

மணியை முடிந்துகொண்டு கிளம்பும்போதுதான் கெம்பம்மா, உருண்டை மணி மாதிரி நினைத்துக் கழுத்தளவுக்கே கோத்துவிடாதே, சதுரமணியின் மூலைகள் உள்பக்கம் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு இரண்டு விரல் அளவைத் தின்றுவிடும், சரியான அளவு வாங்கி அதற்கு மேல் இரண்டு விரல் சேர்த்துக் கோ என்றாள். அதனால்தான் நம் வீட்டு நூல்கண்டிலிருந்து ஒரு துண்டு அறுத்து உனக்குத் தபாலில் வைத்து, கழுத்தை அளந்து அனுப்பு என்று எழுதினேன். நீ அனுப்பிய நூல் முந்தாநாள் வந்தது. சுமங்கலி கழுத்தைத் தொட்ட நூல் வெள்ளையாக இருக்கக் கூடாது என்று நான் சொல்லிக் கொடுத்ததை மறக்காமல், மஞ்சளில் நனைத்துக் காயவைத்து மடித்து வைத்திருந்தாய். உன் கழுத்தைச் சுற்றி வந்த நூல் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன், மோந்து பார்த்தேன், மஞ்சள் வாசனைதான் வந்தது, உன் வாசனை ஒன்றும் வரவில்லை.

உன் கல்யாணத்துக்கு அட்டிகை செய்யக் கிருஷ்ணகிரி கங்கப்ப ஆசாரி அளந்த நூல் என் குங்குமப் பெட்டியில் இருக்கிறது, அதுவும் அதே கண்டுதான், அப்போது நீ கன்னிப்பெண் என்பதால் மஞ்சள் வைக்காத நூல். சும்மா ஆசைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பார்த்தேன். புது நூல் ஒரு விரல் அகலம் குறைகிறது. உன் பெரியப்பாவைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். உன் பெரியப்பா, மஞ்சத் தண்ணியில முக்குன நூலு சுருங்காம வளருமா, போடி பைத்தியக்காரி என்றார். சரி என்று நானும் அதே கண்டிலிருந்து பழைய அளவுக்கு ஒரு நூல் அறுத்து, மஞ்சளில் நனைத்து, வெயிலில் காயவைத்து அளந்தேன். இன்னொன்றும் செய்தேன், மூன்றாவதும் செய்தேன். மூன்றும் அரை விரல்தான் சுருங்கிற்று. மிச்சம் அரை விரல் எங்கே போச்சு என்று அவரைக் கேட்டேன். எழுந்து மாட்டுக்குத் தீனி போடப் போனார், தீனி அப்போதுதான் போட்டு வந்திருந்தார்.

கழுத்தில் அரை விரல் குறைய வேணும் என்றால் உடம்பு எவ்வளவு இளைத்திருக்க வேணும் ராஜாத்தி. காய்ச்சல் வந்து படுத்தாயா. அந்த ஊர் ரொட்டி உனக்கு இறங்கவில்லையா. மசக்கையில் வாய்க்குப் பிடிக்காமல் இளைத்திருந்தால் நான் அம்மனுக்கு இன்றைக்கே பொங்கல் வைப்பேன், ஆனால் அதை என்னிடம் ஏன் மறைக்கப் போகிறாய். மனசில் ஏதாவது குறை என்றால் அதையும் எழுது, இங்கே இரண்டு பேர்தான் படிப்போம், உன் பெரியப்பா படித்தாலும் படிக்காத மாதிரிதான் இருப்பார். நம் ஓடையோரத்துக் கேழ்வரகைக் காயவைத்து அரைத்து வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் போகிற ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன், காலையில் கூழாவது காய்ச்சிக் குடி. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு நிற்காதே. நம் தெரு சாந்தம்மா மகள் போன மாதம் பிரசவத்துக்கு வந்து இங்கேதான் இருக்கிறாள், தெருவில் அவள் குரல் கேட்டாலே நான் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன், உன் குரல் மாதிரியே இருக்கிறது, போய்ப் பார்த்தால் அவள்.

மணிகள் இன்னும் தட்டில்தான் கிடக்கின்றன. கோக்க எனக்குக் கை வரவில்லை. இந்தக் கடிதத்துக்குள் இன்னொரு நூல் வைத்திருக்கிறேன். ஆசாரி அளந்த மாதிரியே, இறுக்காமல், உள்ளே ஒரு விரல் விட்டு அளந்து, நனைக்காமல், மஞ்சள் தடவாமல், வெள்ளையாகவே அனுப்பு. ஆகாது என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான், இப்போது அனுப்பச் சொல்கிறவளும் நான்தான். கோயிலுக்குப் போய் நின்று, தோஷம் ஏதாவது இருந்தால் அது என் தலையோடு போகட்டும், பிள்ளையைத் தொடாதே என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

உன் மஞ்சளும் குங்குமமும் நிலைத்திருக்க, வயிறு நிறைந்து, முகம் மலர்ந்து, நீயும் மாப்பிள்ளையும் பல்லாண்டு இருக்க வேணும். செவ்வாய், வெள்ளி விளக்கேற்ற மறக்காதே. இந்தத் தடவை சுகம் என்று நீ எழுத வேண்டாம், நூலை மட்டும் அனுப்பு.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும் பெரியம்மா
வெங்கடம்மாள்