தீக்குச்சி சொருகிய பிளக்

மச்சான்,

இன்று காலையில் சிதம்பரத்தில், வயரிங் பார்க்கக் கூப்பிட்டிருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்ததுமே அந்த வாடை அடித்தது. கல் அறுக்கும் மிஷின் ஓடும்போது, சூடேறிய பிளேடில் தண்ணீர் பட்டு எழும்புமே, ஈரப் புழுதியும் கருகலும் கலந்த வாடை. உன் சட்டையில் ஒட்டிக்கொண்டு டீக்கடை வரைக்கும் வருமே, அதேதான். ஒரு நிமிஷம் நீதான் உள்ளே இருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். எட்டிப் பார்த்தால் வேறு யாரோ, நம் வயசுக்காரர், வெறுங்காலோடு ஈரத்தில் குந்தி டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார். மிஷினின் வயர் போன வழியே என் கண்ணும் போயிற்று. சுவரோரம் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பிளக் டாப் இல்லை. தோல் சீவிய வயர் முனைகளை ஓட்டைக்குள் விட்டு, கழன்று வராமல் இருக்கத் தீக்குச்சி சொருகியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. நீ செத்தும் இவர்களுக்குப் புத்தி வரவில்லையே!

கடலூர் முதுநகர் ரயில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நாம் போட்ட சண்டையெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? நான் வயர்மேன், லைசென்ஸ் வைத்திருப்பவன். நீ டைல்ஸ் போடுகிறவன், உனக்கு அப்படி ஒன்று கிடையாது. என்னைக் கண்டாலே, "லைசென்ஸ்காரரு வந்துட்டாரு, எழுந்து நில்லுங்கடா" என்று கடையே சிரிக்கும்படி கலாய்ப்பாய். உங்கள் வேலைக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று நான் முதன்முதலில் சொன்ன அன்றைக்குக் குடித்த டீ உனக்குப் புரை ஏறியது.

"வந்தா என்ன ஆவும் தெரியுமா மச்சான்? மேஸ்திரி வாங்கி பிரேம் போட்டு மாட்டிக்குவான். நான் அவன்கிட்ட இதே மாதிரி குனிஞ்சிதான் வேலை செய்வேன். சிமெண்ட் கரண்டி என் கையில, காயிதம் அவன் செவுத்துல."

என் லைனிலேயே ஒருத்தர் கையெழுத்தை வாங்கி இன்னொருத்தர் பிழைப்பதைப் பார்த்தவன் நான். ஆனாலும் விடவில்லை. "வேலை தெரியும்னு காட்டுறதுக்கு இல்லடா. முடியாதுன்னு சொல்றதுக்கு. இப்படி ஒரு கனெக்ஷன்ல வேலை பாத்தா என் லைசென்ஸ் போயிடும் சார்னு சொல்லிட்டு நான் கெளம்பிடுவேன். நீ என்ன சொல்லுவ?"

நீ சிரித்தாய். "நான் கெளம்பினா கேட்டுக்கு வெளிய அடுத்த ஆளு ரெடியா நிக்கிறான்."

உனக்குத் திமிர் ஜாஸ்தி மச்சான். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வேலை தொடங்குமுன் பாக்கெட் சீப்பை எடுத்துத் தலை வாருவாய். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், "டைல்ஸ்ல என் மூஞ்சி தெரியும்ல" என்பாய். வீட்டுக்காரரே செருப்போடு ஏறினாலும், "சார், கழட்டு. இது நான் போட்ட தரை" என்று சத்தம் போடுவாய். பெண்ணாடத்திலிருந்து ஒரு மாற்றுச் சட்டையோடு வந்தவனுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சொத்து அந்தத் திமிர்தான்.

மஞ்சக்குப்பத்தில் உன் கடைசி வீட்டு வேலை நடந்தபோது ஐப்பசி மழை விடாமல் ஊற்றியது. பாக்ஸில் தீக்குச்சி சொருகியிருக்கிறார்கள் என்று நீயே வந்து சொன்னாய். "பிளக் டாப் வாங்கிக் குடுன்னு மேஸ்திரிய கேட்டேன் மச்சான். பெரிய இஞ்சினீரு வந்துட்டாருடான்னு சிரிக்கிறான்." போகாதே என்றேன். "நான் போவலன்னா எவனாச்சும் வந்து என் தரையக் கெடுத்துடுவான்" என்றாய். சரி, நானே ஒன்று கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்றேன். "நாளைக்கு சாயந்தரம் வா" என்றாய்.

மறுநாள் சாயங்காலம் உன்னை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். ஒரு குச்சி கழன்று, வயர் தரைத் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். சட்டையில் அதே புழுதி. தலை வாரியபடியே இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அந்த ஆளுக்கு லைசென்ஸ் இருந்துச்சா?"

மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "இல்லைங்க சார். லைசென்ஸ் இல்லாத ஆளுன்னு தெரியாம உட்டுட்டோம். வேலை தெரியாதவன், அஜாக்கிரதையா இருந்துட்டான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைத் தட்டிவிட்டேன். "சார், டைல்ஸ் போடறதுக்கு லைசென்ஸ்னே ஒண்ணு கெடையாது சார். இல்லாதத அவன் எங்க போய் வாங்குவான்? அந்த பாக்ஸுக்கு கரண்ட் குடுத்தது யாருன்னு கேளுங்க!" யாரும் கேட்கவில்லை. என்னைத்தான் வெளியே போகச் சொன்னார்கள். அஜாக்கிரதை என்று எழுதி முடித்தார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் யாரும் உன்னிடம் கேட்காத லைசென்ஸைப் பிணமான பிறகு கேட்டார்களே, அட பாவிகளா!

ஸ்டேஷன் வாசலில் உன் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அவருக்கு வேலை தெரியாதா? தெரியாமத்தான் செத்தாரா?" என்று கேட்டாள். நான் ஆட்டோ பிடித்து அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். அடுத்த மாசம் அதே வீட்டில், நீ போட்ட அதே தரையில், ஓமம் வளர்த்துக் கிரகப்பிரவேசம் செய்தார்கள். தரை நல்ல தரையாம். போட்டவன் மட்டும் வேலை தெரியாதவனாம்.

போன மார்கழிப் புயலுக்குப் பிறகு கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எங்கே பார்த்தாலும் கட்டட வேலைதான். கரண்டி பிடித்தவனெல்லாம் மேஸ்திரி. ஆட்டோ ஓட்ட லைசென்ஸ், பட்டாசு விற்க லைசென்ஸ். கரண்ட் ஓடும் மிஷினைத் தண்ணீருக்குள் வைத்து ஒருவனை வேலை வாங்க மட்டும் ஒரு மண்ணும் வேண்டாம். நீ சொன்னதையும் நான் மறக்கவில்லை. லைசென்ஸ் என்று ஒன்று வந்து அது செவுத்துக் காயிதமாகவே தொங்கினால் எனக்கும் வேண்டாம். வேலை செய்கிறவன் கையில் இருக்க வேண்டும். முடியாது என்று அவன் சொன்னால் மேஸ்திரி பயப்பட வேண்டும்.

இன்றைக்குக் காலையில் நான் செய்ததைக் கேள் மச்சான். நேராக மீட்டர் போர்டுக்குப் போய் பியூஸ் கம்பி கோத்த பீங்கான் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மிஷின் நின்றது. "யோவ், எவன்யா அது?" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தவன் யார் என்று நினைக்கிறாய்? அவனேதான். உன் மேஸ்திரி. கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறான்.

"நீ யாருய்யா, இன்ஸ்பெக்டரா?"

"லைசென்ஸ்காரன்" என்றேன்.

டைல்ஸ்காரருக்கும் என்மேல் கோபம். "நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்கண்ணே, நாளைக்கு என்னைத்தான் வராதம்பான்" என்றார். உன் குரல் போலவே இருந்தது. "நீங்க ஒண்ணும் சொல்லலியே. நான்தான் நிறுத்தினேன்" என்று மேஸ்திரி காதில் விழும்படி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

முதுநகரில் இறங்கி நேராக உன் வீட்டுக்குப் போனேன். அன்றைக்குச் சொல்லாததைச் சொன்னேன். "அவனுக்கு வேலை நல்லாத் தெரியும்மா. முடியாதுன்னு சொல்லத்தான் அவன விடல." காலையில் நடந்ததைச் சொல்லி, பியூஸ் கேரியரை எடுத்துக் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. உன் படத்துக்குக் கீழே, உன் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும்ண்ணே. வேணும்னா அவன இங்க வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

இதை எழுதும்போது போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த மேஸ்திரிதான், வீட்டுக்காரரிடம் என் நம்பர் வாங்கியிருப்பான். எடுத்து, உன் சாவுக்குக்கூட வராதவனுக்கு உன் வீட்டுக்கு வழி சொல்லப் போகிறேன்.