மேட்டுக்காணி வழக்கு

ஒக்டோபர் 14, செவ்வாய்

தூறல். இன்று மன்றில் நான் சொல்லாதது: "எங்கள் கட்சிக்காரர் இதற்குச் சம்மதிக்கவில்லை."

ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லயன் குடும்பங்களின் வழக்கு. வீடுகளை விட்டுப் போகச் சொன்ன கட்டளைக்கு இடைக்காலத் தடை வாங்கியிருந்தோம். மாற்றுக் காணிக்குப் போவார்களா என்று அரச சட்டவாதி கேட்டார். என் சிரேஷ்ட சட்டத்தரணி, சேர், உடனே: போவார்கள். தடை நீங்கியது. அந்தக் காணி, போன மழைக்குச் சரிந்த மேடு. போகவே மாட்டோம் என்று மனுதாரர் செல்வமேரி சொன்னதை எழுதிக்கொண்டது நான். சேருக்கும் தெரியும்.

சிரேஷ்டர் நிற்கும்போது என்னைப் போன்ற கனிஷ்டர் எழுவதில்லை. அவசரமென்றால் அவருடைய மேலங்கி நுனியை இழுக்கலாம். கை அதுவரை போனது.

பேசியதெல்லாம் ஆங்கிலமும் சிங்களமும். வெளியே செல்வமேரி: "ஐயா கெட்டியா பேசுனாருங்க மிஸ். நம்ம பக்கந்தானே?"

"பார்ப்போம்" என்றேன். பார்ப்போமாம்.

ஒக்டோபர் 15, புதன்

சேரின் அலுவலகம். செய்ய வேண்டியவை: ஜெனீவா உரைக்கு அடிக்குறிப்புகள். அவருடைய குளிர்கோட்டை லோண்டரியிலிருந்து எடுப்பது. பிரிண்டருக்கு டோனர்.

லண்டனில் பாரிஸ்டரானவர். இத்தனை வருடப் பொதுநல வழக்குகளுக்குப் பிறகு சர்வதேசக் குழுவொன்றில் இடம். வெள்ளிக்கிழமை விமானம். உரையின் பொருள் கட்டாய வெளியேற்றம். தட்டச்சு நான்.

"சேர், அவங்க போறதுக்குச் சம்மதிக்கல்ல."

"தெரியும் பிள்ளை. வெல்லேலாத வழக்கு. நான் போனாப் பிறகு ஆர் பேசுறது, நீரோ?" சிரித்தார். பிறகு, "உம்மட லண்டன் படிப்புக்குப் பரிந்துரை எழுதியாச்சு. போகேக்க எடுத்துக்கொண்டு போம்."

எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

உம்மா: "ஏன் மகள், சோறு அப்பிடியே ஈக்கி?" பல்வலி என்றேன். வாசிக்க உட்கார்ந்தும் ஒரே பக்கம்.

ஒக்டோபர் 16, வியாழன்

மடவளை வீட்டிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்குப் பஸ் மாறி மாறி. தெல்தெனியாவுக்கு அப்பால் ஒரே பனி. ஒரு சப்பாத்து முழுக்கச் சேறு.

லயத்து வாசலில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டு ராஜேந்திரன்: "அப்ப நம்மள மேட்டுல ஏத்திட்டு ஐயா பிளேன்ல ஏறுறாரு." யாரோ சிரித்தார்கள். செல்வமேரி சிரிக்கவில்லை.

"அன்னைக்கே தெரியுமா மிஸ் உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் கேட்டப்பவும்?"

"ம்."

உள்ளே குழந்தை இருமியது. செல்வமேரி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இப்ப என்னா செய்யலாம்? அதச் சொல்லுங்க."

வழக்கை நடத்தும் அதிகாரப்பத்திரமான பிரொக்சி என் பெயரில். சேர் இல்லாமலே மனுப்போட எனக்கு அதிகாரம் உண்டு. சம்மதம் கொடுக்கவில்லை என்ற சத்தியக்கடதாசியை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும், "இதுல வேற ஒண்ணும் இல்லயே?"

பிறகு கையெழுத்து.

ஒக்டோபர் 17, வெள்ளி

மனு பதிவு. மதியம் விமான நிலையத்திலிருந்து சேர்: "என்ன, நான் கோர்ட்டில பொய் சொன்னனெண்டோ எழுதியிருக்கிறீர்?"

"சம்மதம் இல்லையென்றுதான் சேர்."

"இரண்டும் ஒண்டுதான். அந்தப் பரிந்துரையைப் பாவிக்க வேண்டாம்." வைத்துவிட்டார்.

கோபப்பட்டிருந்தால் லேசாக இருந்திருக்கும். குரல் களைத்திருந்தது.

ஒக்டோபர் 21, செவ்வாய்

தனியாக எழுந்தது முதல் தடவை.

நீதிபதி: "அன்று நீங்களும் இருந்தீர்கள்தானே? ஏன் சொல்லவில்லை?"

"சேர் நின்றுகொண்டிருந்தார்."

பின்வரிசையில் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை.

தடை மீண்டும். மேட்டைப் பரிசோதித்து அறிக்கை தரும்வரை யாரும் போக வேண்டியதில்லை. வெளியே வந்து செல்வமேரிக்கு ஒரு சொல் விடாமல் சொன்னேன். தலையாட்டினார். "பஸ்ஸு போயிரும் மிஸ்."

ஒக்டோபர் 24, வெள்ளி

கடும் மழை. செல்வமேரி வேறு சட்டத்தரணி வைத்துவிட்டார். என் பிரொக்சியை ரத்துச் செய்யும் மனு காலையில் பதிவானது. பிற்பகல் புதியவரிடம் கோப்பைக் கையளித்தேன்.